விண்ணில் ஒரு வில், கரையில் ஒரு வில்

கோயில் தரிசனத்துக்கு மார்கழியும் தையும் உகந்த மாதங்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. உத்திரமேரூருக்குச் செல்லும் அன்பர்கள் மட்டும் ஆவணி, புரட்டாசி மாத மாலைப்பொழுது ஒன்றைத் தேர்ந்துகொள்வது நல்லது. கையில் குடை இருக்கட்டும். அம்மாதங்களில் இவ்வூர்ப் பக்கம் பகலெல்லாம் வெயில் காயும்; பிற்பகலில் மேற்கே கருமேகம் திரளும்; இடியும் காற்றுமாக வந்து, அரை மணியோ ஒரு மணியோ கொட்டித் தீர்த்துவிட்டு, கடற்கரைப் பக்கமாக நகர்ந்து செல்லும். மேல்வானம் வெளுத்துச் சாய்கதிர் மறுபடி தலைகாட்டும் அந்தச் சில நிமிடங்களில் கிழக்கே திரும்பிப் பார்ப்பவர்களுக்கு ஓர் அரிய காட்சி கிடைக்கக்கூடும். கறுத்த வானின்மீது வானவில் வளைந்து நிற்கும்.

வானவில் எல்லா ஊரிலும்தான் தோன்றுகிறது. ஆயினும் மழையை நம்பியே பிறந்து, மழைநீரைக் காப்பதற்கென்றே ஒரு நிர்வாக முறையை வகுத்துக்கொண்ட ஊரில் நின்று அதைக் காண்பதற்குத் தனிப் பொருள் உண்டு.

மேகத்தின் பெயர் கொண்ட ஏரி

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 30 கி.மீ. தொலைவில் உள்ளது உத்திரமேரூர். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் பிரமதேயமாக அமைந்த ஊர் இது. கல்வெட்டுகள் இதனை உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்று அழைக்கின்றன. வேதம் வல்ல அந்தணர்கள் குடியேறிய இந்த ஊருக்கு அருகே வற்றாத நதி எதுவும் இல்லை. பாலாறும் செய்யாறும் ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடப்பவை. தொண்டை நாட்டை வாழவைத்தவை ஏரிகளே. மழைக்காலத்தில் ஓடி வரும் நீரைக் கரை கட்டி நிறுத்தி, மதகு வழியாக அளந்து விட்டு, ஆண்டு முழுவதும் பயிர் வளர்த்தார்கள் நம் முன்னோர்.

உத்திரமேரூரின் பெரிய ஏரிக்குக் கல்வெட்டுகளில் உள்ள பெயர் வைரமேக தடாகம் என்பதாகும். வைரமேகன் என்பது அரசருக்குரிய ஒரு பட்டப்பெயர். அப்பெயரைச் சற்று நின்று நோக்குவோம். வைரம் என்பது வஜ்ரம் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். வஜ்ரமோ இந்திரனின் ஆயுதம். இடியேந்திய மேகத்தின் பெயரை ஒரு நீர்நிலைக்குச் சூட்டி, அதன் கரையில் ஊர் அமைத்து வாழ்ந்திருக்கிறார்கள். வானத்தில் இருப்பதும் மண்ணில் தேங்குவதும் ஒரே பொருள்தான் என்பதை அந்தப் பெயரே உரைக்கிறது.

மூன்று நிலைகளில் முகில்வண்ணன்

ஊரின் நடுநாயகமாக விளங்குவது சுந்தர வரதராஜப் பெருமாள் திருக்கோயில். மூன்று நிலைகள் கொண்ட விமானம், மூன்றிலும் சன்னிதி. கீழ்நிலையில் நின்ற திருக்கோலம், நடுநிலையில் வீற்றிருந்த திருக்கோலம், மேல்நிலையில் பள்ளிகொண்ட திருக்கோலம். கீழ்நிலையில் கிழக்கு நோக்கிச் சுந்தர வரதர் அருள்பாலிக்க, தெற்கே அச்சுத வரதரும், மேற்கே அநிருத்த வரதரும், வடக்கே கல்யாண வரதரும் எழுந்தருளியிருக்கிறார்கள். படியேறி நடுநிலைக்குச் சென்றால் வைகுண்ட வரதர். இன்னும் ஏறினால் அனந்த பத்மநாபர். தாயாரின் திருநாமம் ஆனந்தவல்லி. பாண்டவர்கள் இங்கு வந்து வழிபட்டனர் என்பது தலபுராணம்.

மூலவர் கிழக்கு நோக்கியவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், மழை ஓய்ந்த மாலையில் ஓர் அழகிய உண்மை புலப்படும். கதிரவன் அப்போது விமானத்துக்குப் பின்னே, மேற்கில் இருப்பான். மழை விமானத்துக்கு முன்னே, கிழக்கில் பெய்துகொண்டிருக்கும். வானவில் தோன்றினால் அது பெருமாளின் திருமுகத்துக்கு நேரே உள்ள திசையில்தான் தோன்றும். கோயில் வாசலில் கிழக்கு முகமாக நிற்கும் அடியவரின் நிழலும் அந்தத் திசையிலேயே நீண்டு விழும்.

ஏரிக்கரையில் கேட்டது

அத்தகைய மாலை ஒன்றில் தரிசனம் முடித்து ஏரிப் பக்கம் நடந்து சென்றோம். மழை விட்டுச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. கரைமேல் வேட்டியை மடித்துக் கட்டிய முதியவர் ஒருவர். அவர் விரலைப் பிடித்தபடி எட்டு, ஒன்பது வயது மதிக்கத்தக்க பேத்தி. கிழக்கே வில் முழுதாக வளைந்து நின்றது. அதற்கு மேலே, மங்கலாக இன்னொரு வில்.

"தாத்தா, இது யாரு வில்லு?" என்று கேட்டாள் சிறுமி.

"இந்திரனோடது கண்ணு. மழைய வுட்டுட்டு, வில்ல மாட்டி வெச்சுட்டுப் போயிருக்காரு."

"அப்போ இனிமே மழை வராதா?"

"கெழக்கால வில்லு நின்னா மழை நம்மளத் தாண்டிப் போயிடுச்சுன்னு அர்த்தம். வில்லப் பாத்தது போதும், வா. கால்வாயில தண்ணி வருதான்னு பாப்போம்."

இருவரும் வரத்துக்கால்வாய் இருந்த பக்கம் நடந்தார்கள். அந்த முதியவரின் சொற்களில் புராணம் இருந்தது. வானிலைக் கணிப்பு இருந்தது. ஏரியைப் பற்றிய கவலையும் இருந்தது. மூன்றையும் அவர் வேறுவேறாகப் பிரித்துப் பார்க்கவில்லை. இன்று பல இல்லங்களில் இந்த மூன்றும் பிரிந்து கிடக்கின்றன. பிள்ளைகள் பள்ளியில் ஒளிச்சிதறலைப் படிக்கிறார்கள். பாட்டியிடம் இந்திரவில்லைக் கேட்கிறார்கள். ஒன்று உண்மையானால் மற்றது பொய்தானே என்று பெற்றோரிடம் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு என்ன விடை சொல்வது? அதற்கு முதலில் விஞ்ஞானம் கூறுவதைச் செவ்வையாகத் தெரிந்துகொள்வோம்.

துளிக்குள் நிகழ்வது

கதிரவனின் ஒளி வெண்மையாகத் தோன்றினாலும் அதனுள் எல்லா நிறங்களும் அடங்கியுள்ளன. மழைத்துளி ஏறக்குறைய உருண்டை வடிவானது. ஒளிக்கதிர் துளிக்குள் புகும்போது சற்று வளைகிறது. துளியின் பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது. வெளியேறும்போது மீண்டும் வளைகிறது. ஒவ்வொரு நிறமும் சிறிது வேறுபட்ட அளவில் வளைவதால் நிறங்கள் பிரிந்துவிடுகின்றன. சிவப்பு ஏறக்குறைய 42 பாகைக் கோணத்திலும், ஊதா ஏறக்குறைய 40 பாகைக் கோணத்திலும் நம் கண்ணை வந்தடைகின்றன. வில்லின் வெளிவிளிம்பு சிவப்பாகவும் உள்விளிம்பு ஊதாவாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

துளிக்குள் இருமுறை பட்டுத் திரும்பும் ஒளி இரண்டாவது வில்லைத் தருகிறது. அது முதல் வில்லுக்கு வெளியே, 51 பாகை அளவில் மங்கலாகத் தோன்றும். அதில் நிறங்களின் வரிசை தலைகீழாக இருக்கும். இரு விற்களுக்கும் இடைப்பட்ட வானம் மற்ற இடத்தைவிடக் கறுத்துக் காண்பதையும் கூர்ந்து நோக்குவோர் அறிவர்.

இந்தக் கோணத்தைக் கருவி ஏதுமின்றி அளந்து பார்க்கலாம். கையை முழுதும் நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண் ஏறக்குறைய 20 பாகையை மறைக்கும். கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, தரையில் விழும் நம் தலையின் நிழலிலிருந்து இரண்டு சாண் அளந்தால், வில் அங்கே நிற்கும். வில்வட்டத்தின் மையம் எப்போதும் பார்ப்பவரின் தலைநிழல் விழும் திசையில்தான் உள்ளது.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. கதிரவன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால், சமதரையில் நிற்பவருக்கு வில் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். ஆதலால் உத்திரமேரூர் போன்ற நம் பக்கத்து ஊர்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் பிற்பகல் மூன்று மணி வரை, பொதுவாக, மழைவானில் வில்லைக் காண இயலாது. குளிர்காலத்தில் கதிரவன் தாழ்ந்து செல்வதால் இந்த இடைவெளி சற்றுக் குறையும். அந்திவேளையில்தான் வில் அரைவட்டமாக உயர்ந்து நிற்கும்.

இந்த விளக்கத்தை மனித குலம் அடைவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் கமாலுதீன் அல் பாரிசியும், ஜெர்மனியில் தியோடரிக் என்ற துறவியும், ஒருவரை ஒருவர் அறியாமலே, நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையைப் பெரியதொரு மழைத்துளியாகக் கொண்டு ஆராய்ந்து வழி கண்டார்கள். 1637-இல் பிரெஞ்சு அறிஞர் தெகார்த் கோணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். நிறங்கள் பிரிவதன் காரணத்தை நியூட்டன் விளக்கி, 1704-இல் நூலாக வெளியிட்டார். நிறங்கள் ஏழு என வகுத்தவரும் அவரே. இசையின் ஏழு சுரங்களோடு ஒப்பிட்டே அவர் அந்த எண்ணைக் கொண்டார். உண்மையில் வில்லில் நிறங்கள் இடைவெளியின்றி ஒன்றுக்குள் ஒன்று கரைந்து செல்கின்றன. ஆகவே சூரியனின் ஏழு குதிரைகளும் வானவில்லின் ஏழு நிறங்களும் ஒன்றே என்று அவசரப்பட்டுப் பொருத்த வேண்டியதில்லை. நம் மரபுக்கு அத்தகைய முட்டுக்கொடுத்தல் தேவையும் இல்லை.

வீட்டுத் துளசி மாடத்தருகே இதைச் சோதித்துப் பார்க்கலாம். காலை எட்டு மணிக்குள், கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் சற்று மூடிச் சிறு துளிகளாகத் தெளியுங்கள். ஒரு சிறு வில் பிறக்கும். குழந்தையைக் கூப்பிட்டு அருகில் நிறுத்தினால் அதற்கும் ஒரு வில் தெரியும்.

காட்டலாகாத வில்

அந்தக் குழந்தை காண்பது நாம் காணும் வில் அன்று. ஒவ்வொருவர் கண்ணுக்கும் 42 பாகையில் இருக்கும் துளிகள் வேறுவேறு. ஆதலால் அருகருகே நிற்கும் இருவரும் இருவேறு துளிக்கூட்டங்களிலிருந்து வரும் ஒளியையே காண்கின்றனர். நாம் நகர்ந்தால் வில்லும் நகர்கிறது. துளிகளும் விழுந்துகொண்டே இருப்பதால், இந்தக் கணம் நிறம் காட்டிய துளி அடுத்த கணம் அங்கே இல்லை. வேறொரு துளி அவ்விடத்துக்கு வந்திருக்கும். பொருள் மாறிக்கொண்டே இருக்க, காட்சி மட்டும் அசையாது நிற்கிறது.

நம் பழைய ஸ்மிருதிகளில், ஸ்நாதக விரதம் பூண்டோருக்கான விதிகளிடையே ஒரு விதி காணப்படுகிறது. வானில் இந்திராயுதத்தைக் கண்டால் அறிவுடையோன் அதைப் பிறருக்குக் காட்டலாகாது என்பது அது. இந்திரதனுசு என்று பெயர் சொல்லாமல் மணிதனுசு என்று சொல்ல வேண்டும் என்று கௌதம தர்ம சூத்திரம் கூறுகிறது. தேவனின் ஆயுதத்தை விரல் நீட்டிச் சுட்டுவதும், எளிதாகப் பெயரிட்டு அழைப்பதும் மரியாதையன்று என்ற பணிவே இவ்விதிகளின் உட்கருத்தாக இருக்கலாம். ஆனால் இன்று ஒளியியல் படித்துவிட்டு இவ்விதியைப் படிக்கும்போது உள்ளம் மலர்கிறது. நாம் காணும் வில்லைப் பிறருக்குக் காட்ட உண்மையிலேயே இயலாது. அவரவர் வில்லை அவரவரே காண வேண்டும். ஒரே பெருமாளை ஆயிரம் பேர் சேவித்தாலும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் தரிசனம் அவரவருக்கே உரியதல்லவா?

ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் இந்திராயுதத்துக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியுள்ளார். மேகம் சூழ்ந்த வானில் காற்றால் சிதறடிக்கப்பட்ட, பல நிறம் கொண்ட சூரிய கிரணங்களே வில் வடிவாகத் தோன்றுகின்றன என்பது அவர் தரும் விளக்கம். துளிக்குள் நிகழ்வதை அவர் கூறவில்லை. ஆயினும் வில் சூரிய ஒளியால் ஆனது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதே நூலில் அதனை இந்திரனின் வில் என்றே அவர் அழைக்கிறார். காரணம் அறிந்தபின் பெயரைக் கைவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மழை பெய்யும்போது கிழக்கே வில் தோன்றினால் மழை நிற்கும், மேற்கே தோன்றினால் மழை உண்டு என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஏரிக்கரை முதியவர் பேத்திக்குச் சொன்னதும் இதுவே. மழைமேகம் மேற்கிலிருந்து வரும் ஆவணி, புரட்டாசியில் இக்கணிப்பு பெரும்பாலும் பொருந்தும். காலையில் மேற்கே வில் தோன்றினால் மழை இனி வரவிருக்கிறது. மாலையில் கிழக்கே தோன்றினால் மழை நம்மைக் கடந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து வரும்போது நிலைமை மாறிவிடும். அப்போது கிழக்கே தெரியும் மழை நம்மை நோக்கி வரும் மழையாகவும் இருக்கலாம்.

ஆண்டாள் கண்ட மழை

மழையையும் வில்லையும் இறைவனோடு சேர்த்துக் கண்டவர்களில் தலையாயவள் ஆண்டாள். திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் மழைத் தேவனை அழைத்து அவள் இடும் கட்டளையை அன்பர்கள் நன்கறிவர். கடலுக்குள் புகுந்து நீரை முகந்து மேலேற வேண்டும். பெருமானின் திருமேனி போலக் கறுக்க வேண்டும். அவன் சக்கரம் போல மின்ன வேண்டும். சங்கம் போல முழங்க வேண்டும். சார்ங்கம் என்னும் வில்லிலிருந்து புறப்படும் அம்புகள் போலப் பொழிய வேண்டும். கடல் நீர் மேகமாகி மழையாகும் முறையும், எம்பெருமானின் ஐம்படைகளில் மூன்றும் அந்த எட்டு அடிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த மழை எதற்காக என்பதையும் அவள் மறக்கவில்லை: உலகோர் வாழ வேண்டும் என்பதற்காக. மழை பொய்த்த காலங்களில் வைணவ இல்லங்களிலும் கோயில்களிலும் இப்பாசுரத்தைச் சேவிக்கும் வழக்கம் இன்றும் உண்டு.

காளிதாசரின் மேகதூதத்தில் வேறோர் அழகு. இந்திரவில்லின் துண்டு ஒன்றை அணிந்த கருமேகம், மயிற்பீலி சூடி ஆயர் வேடம் பூண்ட திருமாலைப் போல விளங்கும் என்கிறார் அவர். மயிற்பீலியில் ஒளிரும் நீலமும் பச்சையும் சாயத்தால் உண்டானவை அல்ல. பீலியின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டு எழும் நிறங்கள் அவை. வானவில்லிலும் சாயம் இல்லை. நிறம் தோன்றும் வழி இரண்டிலும் வேறு. ஆயினும் இரண்டும் ஒளியின் லீலை. நிறமற்ற துளியும் வெண்மையான ஒளியும் சேர்ந்தால் இத்தனை வண்ணம் பிறக்கும் என்றால், ஒரே பரம்பொருள் உத்திரமேரூர் விமானத்தில் நின்றும் இருந்தும் கிடந்தும் பல திருநாமங்களோடு காட்சி தருவதில் வியப்பென்ன இருக்கிறது?

ஆகவே குழந்தை கேட்கும் கேள்விக்கு விடை சொல்லிவிடலாம். விஞ்ஞானம் வில் எவ்வாறு தோன்றுகிறது என்பதைச் சொல்கிறது. மழையைத் தந்தவனை மறவாதே என்பதை இந்திரவில் என்ற பெயர் சொல்கிறது. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் உத்திரமேரூரின் கற்சுவர் நமக்குக் காட்டுகிறது.

கல்லில் எழுதிய கடமை

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளியில் படித்த அனைவரும் இந்தக் கல்லை ஒருமுறை நேரில் காண வேண்டும்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபது வயதுக்குள் இருக்க வேண்டும். வரி செலுத்தும் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். கல்வியும் ஒழுக்கமும் வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர்கள். பதவிக்காலம் 360 நாட்கள்.

இவ்வாறு அமைந்த வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். அதற்கு அறுவர். ஏரிக்கரை, மதகு, கலங்கல், நீர்ப் பங்கீடு ஆகியவற்றைக் கவனிப்பதற்கென்றே ஆறு பேர். வைரமேக தடாகத்தைத் தூர் வாருவதற்காக அளிக்கப்பட்ட கொடைகளையும் இவ்வூர்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. சன்னிதியில் நந்தா விளக்குக்குப் பொன் கொடுப்பது போலவே ஏரியின் தூர் எடுக்கவும் பொன் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் தர்மம் என்றே கருதப்பட்டன.

இந்தக் கல்வெட்டுகள் நமக்கு உணர்த்துவது இதுதான்: மழை வேண்டித் தொழுத அதே மக்கள், மழை வரும் முன்னரே கரையைப் பலப்படுத்தினார்கள். இறைவன் தரும் நீரைத் தாங்கும் பாத்திரத்தைத் தயாராக வைத்திருப்பது பக்தியின் ஒரு பகுதி என்று கொண்டார்கள்.

ஏரி காத்தவனின் வில்

இதே உண்மையை வேறு விதமாகக் காண, உத்திரமேரூரிலிருந்து மதுராந்தகம் வரை சென்று வரலாம், 30 கி.மீ. தொலைவுக்குள் உள்ளது. ஸ்ரீராமாநுஜர் பெரிய நம்பியிடம் பஞ்ச சம்ஸ்காரம் பெற்ற புண்ணியத்தலம் அது. அங்கே எழுந்தருளியிருக்கும் பெருமானின் திருநாமம் ஏரி காத்த ராமர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கும்பினியாரின் ஆட்சியில் கலெக்டராக இருந்தவர் லியோனல் பிளேஸ் துரை. மழைக்காலம்தோறும் மதுராந்தகம் ஏரிக்கரை உடைப்பெடுத்து ஊரை அழித்தது. தாயாருக்குச் சன்னிதி எழுப்ப விரும்பிய கோயிலார் அவரிடம் உதவி கேட்டபோது, இவ்வாண்டு கரையை உங்கள் தெய்வம் காக்கட்டும், சன்னிதியை நான் கட்டித் தருகிறேன் என்றாராம் துரை. பெருமழை பெய்த ஓரிரவில், கரை என்ன ஆயிற்றோ என்று அவர் பார்க்கச் சென்றார். அங்கே கரைமேல் பேரொளியுடன் இரண்டு இளைஞர்கள், கையில் வில்லேந்திக் காவல் நின்ற காட்சியைக் கண்டு மண்டியிட்டார். கரை உடையவில்லை. சொன்ன சொல் தவறாமல் ஜனகவல்லித் தாயார் சன்னிதியைக் கட்டித் தந்தார் என்பது கோயில் வரலாறு.

மழை கொணரும் இந்திரனின் வில் விண்ணில் தோன்றுகிறது. அந்த மழையிலிருந்து ஊரைக் காக்கும் ராமனின் வில் கரையில் தோன்றுகிறது. ஏரி நாட்டு மக்கள் தங்கள் தெய்வத்தை எங்கே நிறுத்திக் கண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இடிந்துவிடுமோ என்று அஞ்சிய கரைமேல், நள்ளிரவில், நனைந்தபடி காவல் நிற்பவனாகவே அவனைக் கண்டார்கள்.

மழை மிகுந்தால் என்ன ஆகும் என்பதை 2015-ஆம் ஆண்டின் நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் காஞ்சி மண்டலமும் சென்னையும் கண்டன. குறைந்தால் என்ன ஆகும் என்பதை அடுத்தடுத்த கோடைகளில் கண்டோம். இரண்டுக்கும் நடுவே நம்மைத் தாங்குபவை ஏரிகள். வரத்துக்கால்வாய் தூர்ந்துபோனால் இந்திரன் எத்தனை முறை வில்லை வளைத்தாலும் ஏரிக்கு நீர் வந்து சேராது. நம் ஊர்க் குளத்தில் குப்பை கொட்டாதிருப்பதும், கோயில் புஷ்கரணியைச் சுத்தம் செய்யும் உழவாரப் பணியில் பிள்ளைகளோடு ஒரு நாள் பங்கேற்பதும், ஏரி வாரியத்து அறுவர் செய்த பணியின் தொடர்ச்சியே.

செல்லும் அன்பர்களுக்கு

உத்திரமேரூருக்குக் காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய இரு நகரங்களிலிருந்தும் பேருந்துகள் உள்ளன. பிற்பகலில் வைகுண்டப் பெருமாள் கோயிலில் கல்வெட்டைக் கண்டு, நடை திறந்ததும் சுந்தர வரதரைச் சேவித்து, படியேறி மூன்று நிலைகளையும் தரிசிக்கலாம். கயிலாசநாதர் கோயிலும் பாலசுப்பிரமணியர் கோயிலும் இவ்வூரில் உள்ளன. பிறகு வெளிச்சம் இருக்கும்போதே ஏரிக்கரைக்குச் செல்லுங்கள்.

மழை பெய்து ஓய்ந்திருந்தால், கதிரவனுக்கு முதுகு காட்டிக் கிழக்கே பாருங்கள். வில் தெரிந்தால் அது உங்களுக்கென்றே அருளப்பட்ட தரிசனம். பிள்ளைகளை இரண்டு சாண் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். துளிக்குள் ஒளி வளையும் கதையைச் சொல்லுங்கள். ஆண்டாளின் பாசுரத்தையும் சேர்ந்து சேவியுங்கள். சில நிமிடங்களில் வில் மறைந்துவிடும். கரையும் நீரும் அங்கேயே இருக்கும். கால்வாயில் நீர் வருகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.